ஜன்னல்காரர் கட்டிய எஞ்சின்

ரயில்வே டீசல் எஞ்சின் ஷெட்டில் இருபத்தேழு வருடம் வேலை பார்த்த மனிதர் ஒரு தடவைகூட எஞ்சினில் ஏறியதில்லை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நம்பாதவர்கள் போகட்டும். நம் ஆள் அப்படித்தான் இருந்தார். ஷெட்டின் வெளிப்புற மூலையில் உதிரி பாகங்கள் வைக்கும் ஸ்டோர். அதற்கு ஒரே ஒரு ஜன்னல், ஜன்னலுக்குக் கம்பி, கம்பிக்குப் பின்னால் இவர். கம்பிக்கு அடியில் ஒரு சாண் இடைவெளி உண்டு. சீட்டு உள்ளே போகவும் சாமான் வெளியே வரவும் அதுதான் வழி. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் இருந்தது. ஷெட் முழுக்க அவருக்கு ஜன்னல் என்றுதான் பெயர். "ஜன்னல் வந்தாச்சா?" "ஜன்னலுக்கு இன்னிக்கு லீவாம்." திட்டுவதற்கும் அந்தப் பெயர்தான் வசதி, திட்டுகிறவர்களும் நிறையப் பேர்.

காரணம் சீட்டு. ஒரு வாஷர் வேண்டுமென்றாலும் இரண்டு பிரதிகளில் சீட்டு எழுதி, பாகத்தின் எண் போட்டு, ஃபோர்மேன் கையெழுத்தோடு வரவேண்டும். எண்ணில் ஒரு இலக்கம் தப்பினால் திருப்பி அனுப்புவார். கையெழுத்து கோணலாக இருந்தால் திருப்பி அனுப்புவார். அங்கே எஞ்சின் பாதி பிரித்தபடி கிடக்கும். எண்ணெய் சொட்டும் கையோடு ஓடி வந்தவனிடம் இவர், "மேல் பிரதியில எண்ணெய் பட்டிருக்கு. வேற எழுதிட்டு வாங்க" என்பார். உயிரை வாங்குவதில் மனிதருக்கு அப்படி ஒரு நிதானம்.

இதில் பெரிய கூத்து, அந்தக் கையெழுத்துப் போடும் ஃபோர்மேன் இவருடைய மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன். சொந்த மச்சானுக்கும் சீட்டில்லாமல் ஒரு ஆணி கொடுத்ததில்லை நம் ஜன்னல். ஃபோர்மேனே எழுதி, ஃபோர்மேனே கையெழுத்துப் போட்டு, ஃபோர்மேனே வந்து நின்று வாங்கிப் போகவேண்டும். மச்சான் சும்மா இருப்பாரா? குடும்பத்தில் நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் ஆரம்பித்துவிடுவார். "எங்க மாப்பிள்ளைக்கு எஞ்சினைப் பத்தி எல்லாம் தெரியும். ஜன்னல் வழியா எவ்வளவு தெரியுமோ அவ்வளவும்." எல்லாரும் சிரிப்பார்கள். ஜன்னலும் சேர்ந்து சிரிப்பார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யாரோடும் பேசமாட்டார்.

அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. எஞ்சினில் ஏறி, ஓட்டுநர் பக்கத்தில் ஒரு தடவை உட்காரவேண்டும். ஸ்டோர் ஆட்களுக்கு அனுமதி கிடையாது. ஃபோர்மேன் மனது வைத்தால் உண்டு. மச்சானிடம் போய் அதைக் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் என்பது இவர் கட்சி.

மகள் வேலை கிடைத்து வெளியூர் போன பிறகு ஒரு நாள் பரணைச் சுத்தம் செய்தார். அவள் சின்ன வயதில் விளையாடிய பிளாஸ்டிக் கட்டைகள் இரண்டு மூட்டை கிடைத்தன. ஒன்றன் தலையில் ஒன்றைச் செருகி வீடோ வண்டியோ யானையோ கட்டுவார்களே, அந்தக் கட்டைகள். யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று தூக்கிப் போனவர் வாசலோடு நின்றுவிட்டார். மூட்டைக்குள் கையை விட்டு ஒன்றை எடுத்துப் பார்த்தார். அப்புறம் இன்னொன்று. சாயங்காலத்துக்குள் சாப்பாட்டு மேசை முழுக்கக் கட்டைகள். அடுத்த ஏழு மாதம் அந்த வீட்டில் தட்டை மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பாடு.

கட்டப்போவது எஞ்சின் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. ஷெட்டை ஒட்டிய யார்டில் ரயில் பெட்டிகளை இழுத்து வரிசை மாற்றும் பழைய டீசல் எஞ்சின். நீள மூக்கு, ஒரு முனையில் கேபின், அடியில் பன்னிரண்டு சக்கரம். அதன் ஒவ்வொரு பாகத்தின் எண்ணையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அதெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து எப்படி எஞ்சினாகிறது என்பதுதான் தெரியாது. விஷயம் கேள்விப்பட்ட மகள் இரண்டு சின்ன மோட்டார், பேட்டரிப் பெட்டி, ரிமோட், வளையமாகப் பூட்டும் தண்டவாளம் எல்லாம் அனுப்பிவைத்தாள். "அப்பா, பொம்மைன்னாலும் ஓடணும். சும்மா நிக்கறதுக்கு நம்ம வீட்டுல நீங்களே போதும்" என்று ஒரு துண்டுக் காகிதமும் உள்ளே இருந்தது. வாய்த்துடுக்கு தாய்மாமன் வழியில் வந்தது.

மனைவிக்குத் தொழில் தையல். பள்ளிப் பிள்ளைகளின் சீருடை. துணியை விரித்து வெட்டுவதற்கு அவளுக்கிருந்த ஒரே இடம் அந்தச் சாப்பாட்டு மேசைதான். மேசை போனதும் கட்டிலில் விரித்து வெட்டினாள், முனகிக்கொண்டே வெட்டினாள். மூன்றாவது வாரம் வெறுங்காலில் ஒரு கட்டையை மிதித்தாள். மிதித்தவர்களுக்குத்தான் தெரியும் அந்த வலி. அன்றைக்கே எல்லாக் கட்டைகளையும் வாரி, பட்டன் போட்டு வைக்கும், அறை அறையாகத் தடுத்த தன் பெட்டிகளில் பிரித்து அடுக்கி, தையல் மிஷினுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

"இனிமே கட்டை வேணும்னா சீட்டு எழுதிட்டு வாங்க."

"என்ன விளையாடறியா?"

"யாரு, நானா? வீட்டு நடுவுல பொம்மை வெச்சிருக்கறது யாரு?"

சீட்டை அவளே கோடு போட்டுத் தயாரித்திருந்தாள். என்ன, எத்தனை, என்ன நிறம், கடைசியாக, இடதா வலதா. அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்து ஜன்னலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இது எதுக்கு?"

"சட்டைக்கு ரெண்டு கை. எந்தக் கைன்னு எழுதாம வெட்டுனா ரெண்டும் ஒரே பக்கத்துக் கையா வந்து நிக்கும். அப்புறம் தலையில அடிச்சுக்கணும்."

"எஞ்சினுக்கு ஏதுடி கை?" என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். அதற்குப் பிறகு எழுதிய ஒவ்வொரு சீட்டிலும் அந்தக் கோடுதான்.

இருபத்தேழு வருடம் அடுத்தவனை நிற்கவைத்தவர் சொந்த வீட்டில் தையல் அறை வாசலில் கையில் சீட்டோடு நின்றார். "நிறம் எழுதலை." "சிவப்புத்தான்னு உனக்குத் தெரியாதா?" "தெரியும். எழுதுங்க." போய் எழுதிக்கொண்டு வருவார். மிஷினில் ஒரு காலரை முழுதாக ஓட்டி முடித்துவிட்டுத்தான் அவள் திரும்பிப் பார்ப்பாள். நின்று நின்று கால் கடுத்தபோது ஷெட்டில் தன் ஜன்னலுக்கு வெளியே நிற்கிறவர்களின் நினைப்பு வந்ததா என்று கேட்டால், வரவில்லை. அவ்வளவு சீக்கிரம் திருந்துகிற ஆளா அவர்?

எஞ்சினுக்கு அடியில் இரண்டு அடிவண்டிகள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, ஒவ்வொன்றிலும் ஆறு சக்கரம், ஒரு மோட்டார். மோட்டாரிலிருந்து இறங்கும் தண்டில் ஒரு பல்சக்கரம், அது சக்கர அச்சிலிருக்கும் இன்னொரு பல்சக்கரத்தைச் சுற்றும். முதல் அடிவண்டியைக் கட்ட இரண்டு மாதம் ஆயிற்று. இரண்டாவதைக் கட்ட ஒரே வாரம், ஏனென்றால் முதலாவதைப் பக்கத்தில் வைத்து அப்படியே காப்பியடித்தார். இரண்டையும் தனித்தனியாக பேட்டரியில் மாட்டி மேசையில் ஓடவிட்டார். இரண்டும் ஜோராக ஓடின. ஸ்டோர் வழக்கப்படி இரண்டின் கழுத்திலும் நூல் கட்டி, அட்டையில் "சரி" என்று எழுதித் தொங்கவிட்டார்.

மனைவி ஊசியை வாயில் கவ்வியபடியே பார்த்தாள். "ரெண்டும் அச்சா ஒண்ணு மாதிரியே இருக்கே. பின்னாடி மாட்டும்போது ஒண்ணைத் திருப்பித்தானே மாட்டுவீங்க?"

"ஆமா. பெட்டி மாட்டற கொக்கி ரெண்டு பக்கமும் வெளியே வரணும்ல."

"அப்போ இடது வலது மாறாதா?"

"ஸ்டோர்ல அடிவண்டிக்கு ஒரே நம்பர். முன்னாடி போட்டாலும் அதுதான், பின்னாடி போட்டாலும் அதுதான். உனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

"சரி, உங்க நம்பரை நீங்களே கட்டிக்கிட்டு அழுங்க" என்று மிஷினுக்குப் போய்விட்டாள்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. தங்கையைப் பார்க்க வந்த ஃபோர்மேன் சாப்பாட்டு மேசையைப் பார்த்தார். பார்த்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்பிள்ளை, இது தானா ஓடுமா, இல்ல சீட்டுக் குடுத்தாத்தான் ஓடுமா?"

வருடத்துக்கு ஒரு நாள் ஷெட்டைத் திறந்துவிட்டு, வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களை அழைத்துக் காட்டுவார்கள். குடும்ப நாள் என்று பெயர். அது மூன்று மாதத்தில் வந்தது. என்றைக்கும் வாய் திறக்காத ஜன்னல் அன்றைக்குத் திறந்தார். "குடும்ப நாள்ல கொண்டாந்து எல்லார் முன்னாடியும் ஓட்டிக் காட்டறேன்."

"சாயங்காலம் அஞ்சு மணிச் சங்குக்குள்ள ஒரு முழுச் சுத்து. ஓடுச்சுன்னா உங்களை நிஜ எஞ்சின் கேபின்ல உக்கார வெச்சு யார்டு பூரா சுத்திக் காட்டறேன். ஓடலைன்னா?"

"ஓடும்."

"ஓடலைன்னா ஒரு வருஷத்துக்கு என்கிட்ட சீட்டு கேக்கக்கூடாது. நான் கையை நீட்டுனா சாமான் வரணும்."

பக்கத்து அறையில் தையல் மிஷின் சத்தம் நின்றது. இந்த உலகத்தில் நம் ஆளுக்கென்று இருந்த ஒரே அதிகாரம் அந்தச் சீட்டு. அது போனால் அவர் சாமான் எடுத்துக் கொடுக்கும் ஆள், அவ்வளவுதான். அது அவருக்கும் தெரியும், மச்சானுக்கும் தெரியும். "சரி" என்றார்.

குடும்ப நாளன்று ஸ்டோருக்கு முன்னால் இரண்டு வேலைமேசைகளை ஒட்டிப் போட்டுத் தண்டவாளத்தைப் பூட்டினார். எஞ்சினை முழுதாக மாட்டியதே அன்று காலையில்தான். தனித்தனியாகச் சரி என்று அட்டை தொங்கும் சாமானை ஒன்றாக வைத்து இன்னொரு தடவை சோதிப்பது ஸ்டோர்காரருக்குத் தெரியாத வித்தை. பார்க்க எஞ்சின் நன்றாகத்தான் இருந்தது. சிவப்புக் கட்டை தீர்ந்துபோனதால் கேபினின் பின்பக்கம் மட்டும் நீலம். நாலரை மணிக்குக் கூட்டம் கூடியது. ஃபிட்டர்கள், அவர்களின் மனைவிமார், பிள்ளைகள், கையில் தேநீரோடு ஃபோர்மேன். ஜன்னல் ரிமோட்டை அழுத்தினார்.

எஞ்சின் உறுமியது. நடுங்கியது. இருந்த இடத்தை விட்டு ஒரு நூல் நகரவில்லை.

இன்னும் அழுத்தினார். குளிர் கண்டதுபோல் உதறி, கேபின் கண்ணாடி ஒன்று கழன்று விழுந்தது. யோசனை சொல்ல நாலா பக்கமும் ஆள். பேட்டரி இறங்கிப் போச்சு. எடை பத்தாது. சக்கரம் வழுக்குது. தூக்கிப் பிடித்தால் பன்னிரண்டு சக்கரமும் பிய்த்துக்கொண்டு ஓடின. இறக்கினால் நின்றது. ஃபோர்மேன் குனிந்து ஒரு தடவை பார்த்தார், நிமிர்ந்தார், ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடம் எஞ்சினைப் பிரித்து மாட்டியவருக்கு விஷயம் விளங்காமலா இருந்திருக்கும்? ஒரு வருடம் சீட்டில்லாமல் வாழும் சுகத்தைக் கெடுத்துக்கொள்ள அவருக்கென்ன பைத்தியமா?

"மாப்பிள்ளை," என்று கையை நீட்டினார். "பெரிய ஸ்பேனர் ஒண்ணு எடுத்துக் குடுங்க. சீட்டு கொண்டு வரலை."

ஜன்னல் முகத்தில் ஈயாடவில்லை. ஐம்பத்திரண்டு வயதில், இத்தனை பேர் நடுவில், அழாத குறை. "இன்னும் சங்கு ஊதலை மச்சான்" என்று மட்டும் சொல்லிவிட்டு எஞ்சினைக் கவிழ்த்துப் போட்டார். பின் அடிவண்டியில் பல்சக்கரத்தை நகராமல் பிடிக்கும் சின்ன வளையம் தளர்ந்திருக்கும் என்று ஒரு சந்தேகம். மனைவி பட்டன் பெட்டிகளோடு பின்னாலேயே நின்றிருந்தாள்.

"அந்தச் சாம்பல் நிற வளையம் ஒண்ணு குடு."

"சீட்டு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஃபோர்மேனுக்கே பொறுக்கவில்லை. "பாப்பா, இப்பக்கூடவா?"

"எங்க வீட்டுச் சட்டம் அண்ணா. நீங்க டீ குடிங்க."

ஜன்னல் பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலில் காகிதத்தை வைத்து எழுதினார். வளையம், ஒன்று, சாம்பல், கடைசிக் கட்டத்தில் ஒரு கோடு. அவள் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி நீட்டினாள்.

"கோடு போடாதீங்க. இடதா வலதா, எழுதுங்க."

எழுதுவதற்காகத்தான் பார்த்தார். பின் அடிவண்டியில் பல்சக்கரம் மோட்டார் தண்டுக்கு இடப்பக்கம் இருந்தது. முன் அடிவண்டியைப் பார்த்தார். அதிலும் இடப்பக்கம். ஆனால் ஒன்று முன்னால் பார்த்து நின்றது, மற்றது திரும்பிப் பின்னால் பார்த்து நின்றது. இரண்டு மோட்டாரும் ஒழுங்காகத்தான் உழைத்திருக்கின்றன, ஒன்று கிழக்கே போக, ஒன்று மேற்கே போக. சட்டைக்கு இரண்டு இடது கை தைத்து வைத்திருந்தார் நம் ஆள். அவருக்குக் காது சுட்டது. கடைசிக் கட்டத்தில் "வலது" என்று எழுதினார்.

"இதைத்தான் அன்னிக்கே சொன்னேன்" என்று வளையத்தைக் கொடுத்தாள். சொல்லாமல் விடுவாளா?

அச்சை உருவி, பல்சக்கரம் எதிர்த்திசையில் சுற்றும்படி அதைத் தண்டின் மறுபக்கத்துக்குத் தள்ளி, வளையத்தை ஏற்றி, சக்கரங்களைத் திரும்ப மாட்டவேண்டும். விரல் தடித்துப்போனதுபோல் இருந்தது. அச்சு இரண்டு தடவை கீழே விழுந்தது. சங்கின் ஸ்விட்சுக்கு மேலே ஒரு கடிகாரம் உண்டு. நாலு ஐம்பத்தாறு. நாலு ஐம்பத்தெட்டு. ஃபோர்மேன் தேநீர்க் குவளையை வைத்துவிட்டு ஸ்விட்சுப் பக்கம் போனார். ஐந்து மணிச் சங்கை அவர்தான் ஊதுவார், முள் பன்னிரண்டைத் தொட்ட நொடியில் ஊதுவார். சொந்த மகள் கல்யாணத்தன்றுகூட நடுவில் வந்து சங்கை ஊதிவிட்டுப் போன மனிதர்.

ஐந்து மணிக்கு அரை நிமிடம் இருக்கும்போது எஞ்சின் தண்டவாளத்தில் ஏறியது. ரிமோட்டை அழுத்தினார். ஒரு உறுமல், ஒரு குலுக்கல், அப்புறம் நகர்ந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் பெட்டி இழுக்கும் எஞ்சின் மெதுவாகத்தான் போகவேண்டும் என்று, இருக்கிற பல்சக்கரங்களையெல்லாம் அதற்குத் தோதாகப் போட்டுத் தொலைத்திருந்தார் இவர். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். முதல் வளைவில் திரும்பும்போதே முள் பன்னிரண்டைத் தொட்டுவிட்டது.

எல்லாத் தலையும் சங்குப் பக்கம் திரும்பின. ஃபோர்மேனின் விரல் ஸ்விட்சின்மேல் இருந்தது. கண் எஞ்சின்மேல் இருந்தது. முள் பன்னிரண்டைத் தாண்டியது. எஞ்சின் மறுபக்க நேர்ப்பாதைக்கு வந்தது. இரண்டு மேசையும் சேரும் இடத்தில் ஒரு சக்கரம் தூக்கிக்கொண்டு தயங்கியது, அப்புறம் இறங்கி வந்தது. சங்குக்கு முன்னாலேயே வாசலுக்கு ஓடுகிற ஃபிட்டர்கள் ஒருத்தன்கூட அசையவில்லை. எஞ்சின் இரண்டாவது வளைவும் திரும்பி, புறப்பட்ட இடத்தைத் தொட்டது. சங்கு ஊதியது. மணி ஐந்து இரண்டு.

ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஏறுங்க மாப்பிள்ளை. பாப்பா, நீயும் ஏறு."

கேபின் ஏணியில் மூன்று படி. மூன்றாவது படியில் எதைப் பிடிப்பது என்று ஜன்னலுக்குத் தெரியவில்லை, மனைவி பின்னாலிருந்து தாங்கினாள். ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். எஞ்சின் கிளம்பியதும் அந்த அதிர்வு இருக்கை வழியாக முதுகில் ஏறியது. இத்தனை வருடம் தன் கையால் எடுத்துக் கொடுத்த பாகமெல்லாம் காலுக்கடியில் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவர் சந்தோஷத்தில் வாய்விட்டுச் சிரித்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார், இரண்டையும் மறைக்கவில்லை.

யார்டைச் சுற்றி வரும்போது ஸ்டோர் வந்தது. மேலேயிருந்து பார்த்தால் தன் ஜன்னல் அவ்வளவு சின்னதாக இருந்தது. அதற்கு வெளியே நிழல் இல்லை, உட்கார ஒன்றுமில்லை. சிமென்ட் தரையில் ஒரு இடம் மட்டும் குழிந்து பளபளத்தது.

"அங்கதான் எல்லாரும் நிப்பாங்களா?" என்றாள் மனைவி.

"ஆமா."

"வெயில்லயா?"

"ஆமா." அவருக்கு வெட்கமாக இருந்தது. உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

"ஜன்னல் தெரியுதா மாப்பிள்ளை?" என்று ஓட்டுநருக்கு அந்தப் பக்கம் நின்ற ஃபோர்மேன் கத்தினார்.

"நல்லாத் தெரியுது மச்சான்."

திங்கட்கிழமை காலையில் ஸ்டோர் ஜன்னலுக்கு வெளியே ஒரு பழைய பெஞ்சு கிடந்தது, மேலே ஒரு தகரக் கூரை. முதலில் வந்தவர் ஃபோர்மேன். பெஞ்சைச் சுற்றி வந்து பார்த்தார், உட்கார்ந்தார், சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துக் கம்பிக்கு அடியில் தள்ளினார். சங்குக் கடிகாரத்துக்கு பேட்டரி ஒன்று. காரணம் என்ற இடத்தில், கடிகாரம் இரண்டு நிமிடம் வேகமாக ஓடுகிறது என்று எழுதியிருந்தது.

ஜன்னல் அதை இரண்டு தடவை படித்தார். எண் சரி. இரண்டு பிரதியும் சுத்தம். கையெழுத்து நேர். அந்த ஷெட்டிலேயே ஒழுங்காக ஓடும் ஒரே சாமான் அந்தக் கடிகாரம்தான் என்பது அவருக்குத் தெரியும். இருபத்தேழு வருடத்தில் அந்தக் கம்பிக்கு அடியில் உள்ளே வந்த முதல் பொய்ச் சீட்டு அது. முத்திரை குத்தி, ஒரு பிரதியைக் கோப்பில் வைத்து, புது பேட்டரியை எடுத்து வெளியே தள்ளினார்.

ஃபோர்மேன் வாங்கிக்கொண்டு எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே முன்னும் பின்னும் சாய்ந்து பார்த்தார். "பெஞ்சு ஆடுது மாப்பிள்ளை. காலுக்குக் குடுக்க ஒரு வாஷர் எடுத்துப் போடுங்க."

"சீட்டு எழுதிட்டு வாங்க மச்சான்" என்றார் ஜன்னல்.